செல்போன் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் மோடம்: கட்டளை எழுதும் முறை

கிணறு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று இருக்கும் விவசாயிகளுக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் பெரிய உதவியாக இருந்து வருகிறது. மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் நாட்களில் டார்ச் லைட்டும் கையுமாக வரப்பில் நடக்க வேண்டியதில்லை. பூச்சி பொட்டு பயம் இல்லை. ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட வேண்டியதும் இல்லை. திண்ணையில் இருந்தபடியே ஒரு செய்தி அனுப்பினால், அல்லது ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், மோட்டார் ஓடுகிறது.

ஆனால் இதே பெட்டி ஒரு நாள் பதில் பேசாமல் இருந்துவிட்டால் பாடு பெரிதாகிவிடுகிறது. சித்திரை வெயிலில் நாற்றங்கால் இரண்டு நாள் காயத் தாங்காது. குலை தள்ளிய வாழையும் காத்திருக்காது. பழுது பார்க்கிறவரோ நாலு நாள் கழித்து வருவதாகச் சொல்வார். பெட்டி கெட்டுப் போகாமலேயே இப்படிப் பேசாமல் போவது உண்டு. சிம் கார்டு நிரம்பியிருக்கலாம், சிக்னல் குறைந்திருக்கலாம், அல்லது கட்டளை ஒன்று பிசகாக எழுதப்பட்டிருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் மோடத்திடம் ஐந்தாறு கட்டளைகளை முறையாக எழுதிக் கேட்டால், கோளாறு எந்த இடத்தில் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இதை எளிதில் செய்யலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

செல்போன் ஸ்டார்ட்டரில் முக்கியமாக மூன்று பாகங்கள் உள்ளன. முதலாவது மோடம். சிம் கார்டு இதில்தான் இருக்கும். செய்தியை வாங்குவதும் அனுப்புவதும் இதன் வேலை. இரண்டாவது கட்டுப்பாட்டுச் சில்லு. வந்த செய்தி யாரிடமிருந்து வந்தது, என்ன சொல்கிறது என்று பார்த்து முடிவு செய்வது இது. மூன்றாவது ரிலே. ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பட்டன்களை நாம் அழுத்துவதற்குப் பதிலாக இது அந்த வேலையைச் செய்கிறது.

மோடம் தபால்காரரைப் போன்றது. கடிதத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், வேறொன்றும் அறியாது. கணக்குப்பிள்ளை, கட்டுப்பாட்டுச் சில்லு. இந்தக் கணக்குப்பிள்ளை தபால்காரரிடம் பேசுவது எழுத்துக் கட்டளைகளால்தான். அதே கட்டளைகளைக் கம்ப்யூட்டர் மூலமாக நாமும் கொடுக்கலாம்.

கட்டளைகள் வந்த வழி

இந்தக் கட்டளை முறை செல்போனுக்கு முன்பே தோன்றியது. 1981-ம் ஆண்டில் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஹேய்ஸ் என்பவரின் கம்பெனி ‘ஸ்மார்ட்மோடம்’ என்ற கருவியை வெளியிட்டது. டெலிபோன் கம்பி வழியாக விநாடிக்கு 300 பிட் அனுப்பக்கூடியது அது. அதற்கு உத்தரவிட, ‘கவனி’ என்று பொருள்படும் ‘அட்டென்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டு எழுத்துகளை எடுத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் வைத்தார்கள். மற்றக் கம்பெனிகளும் அதையே பின்பற்றின. பிற்காலத்தில் செல்போன் மோடங்கள் வந்தபோது, செய்தி அனுப்புவதற்கும் சிக்னல் பார்ப்பதற்கும் புதிய கட்டளைகளைச் சேர்த்தார்களே தவிர, தலையில் வரும் அந்த இரண்டு எழுத்துகளை மாற்றவில்லை. இன்றைய 4ஜி மோடமும் அதற்கே தலையசைக்கிறது.

எழுத்துகளைப் படிக்கும் முறை

கருவிக்கு ஆங்கில எழுத்துகள்தான் புரியும். இங்கே அவற்றின் பெயரைத் தமிழில் எழுதியுள்ளோம். தட்டும்போது அந்தந்த ஆங்கிலப் பெரிய எழுத்தைத் தட்டவும். ‘டீ’ என்று நெடிலாக இருப்பது, ‘அட்டென்ஷன்’ என்ற சொல்லில் வரும் எழுத்து. ‘டி’ என்று குறிலாக இருப்பது, ‘டயல்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. இந்த இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. கூட்டல் குறி, சமக் குறி, கேள்விக்குறி, எண்கள் ஆகியவற்றை அப்படியே தட்ட வேண்டும்.

ஐந்து விதிகள்

1. ஒவ்வொரு கட்டளை வரியும் ஏடீ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்க வேண்டும். இரண்டும் பெரிய எழுத்தாகவோ, இரண்டும் சின்ன எழுத்தாகவோ இருக்கலாம். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கக் கூடாது.

2. வரியின் முடிவில் என்டர் விசையைத் தட்ட வேண்டும். இது வெறும் சடங்கு அல்ல. என்டர் தட்டும்போது 13-ம் எண் குறி மோடத்துக்குப் போகிறது. அது வந்த பிறகே மோடம் வரியைப் படிக்கத் தொடங்கும். சில கம்ப்யூட்டர் புரோகிராம்கள் 13-க்குப் பதிலாக 10-ம் எண் குறியை மட்டும் அனுப்பும்; சில எதையுமே அனுப்பாது. அப்போது நூறு தடவை தட்டினாலும் பதில் வராது. முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

3. கூட்டல் குறியோடு வரும் கட்டளைகளை நான்கு விதமாக எழுதலாம். கட்டளையை மட்டும் எழுதினால் ‘செய்’ என்று பொருள். கடைசியில் கேள்விக்குறி போட்டால் ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று பொருள். சமக் குறியும் மதிப்பும் போட்டால் ‘இப்படி மாற்று’ என்று பொருள். சமக் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துப் போட்டால் ‘என்னென்ன மதிப்புகள் ஏற்பாய்?’ என்று பொருள். எல்லாக் கட்டளைகளுக்கும் நான்கு விதமும் கிடையாது. நடுவில் இடைவெளி விடாமல் எழுதுவது நல்லது.

4. எண்களை அப்படியே எழுதலாம். டெலிபோன் எண், சொல் ஆகியவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். இந்தக் குறி நேராக நிற்கும் குறியாக இருக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து கட்டளையைப் பிரதி எடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறி வந்து சேர்ந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மோடம் மட்டும் ‘எர்ரர்’ என்று சொல்லும். ஆகவே கையாலேயே தட்டுவது உத்தமம்.

5. ஒரு கட்டளைக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த கட்டளையைக் கொடுக்க வேண்டும். ‘ஓகே’ அல்லது ‘எர்ரர்’ என்று வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். மடையைத் திறந்து தண்ணீர் கடைமடை சேருமுன் அடுத்த மடையைத் திறந்தால் இரண்டு பாத்தியும் சரியாக நனையாது. இதுவும் அப்படித்தான்.

இணைப்பு கொடுக்கும்போது

உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறக்க வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் சிம் கார்டை எடுத்து ஒரு சாதாரண செல்போனில் போட்டு, செய்தி போகிறதா, வருகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். உள்ளூர் எலெக்ட்ரீஷியன் கட்டிக்கொடுத்த பெட்டியில் மோடம் பெரும்பாலும் தனிப் பலகையாக இருக்கும். அதைச் சோதிப்பது சுலபம்.

பெட்டியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸ் கட்டைகளையும் எடுத்துவிட வேண்டும். மும்முனை இணைப்பில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அது தவறை மன்னிக்காது. மோடம் பலகையைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துச் சோதிப்பதே பாதுகாப்பானது. ஆன்டெனா ஒயரையும் உடன் எடுத்து வரவும்.

கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் செருகும் சீரியல் கேபிள் ஒன்று தேவை. கேபிளின் அனுப்பும் ஒயர் மோடத்தின் வாங்கும் முனைக்கும், கேபிளின் வாங்கும் ஒயர் மோடத்தின் அனுப்பும் முனைக்கும் போக வேண்டும். கிரவுண்டு ஒயர் இரண்டுக்கும் பொது. மோடம் எத்தனை வோல்ட் குறியில் பேசும் என்று பார்த்து, அதற்கு ஏற்ற கேபிளாக வாங்கவும். வேகத்தை 9600 என்று வைத்துத் தொடங்கலாம். பதில் வராவிட்டால் 115200 என்று மாற்றிப் பார்க்கலாம்.

மோடத்துக்குக் கொடுக்கும் மின்சாரம் வலுவாக இருக்க வேண்டும். சிம்800 வகை மோடத்துக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை தேவை. செய்தி அனுப்பும் நொடியில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். சப்ளை மெலிந்திருந்தால் அந்த நொடியில் வோல்ட் சரிந்து, மோடம் அணைந்து மறுபடி கிளம்பும். சாதாரணக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொல்லிவிட்டு, செய்தி அனுப்பும்போது மட்டும் பேச்சை நிறுத்தும் மோடத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சப்ளையைத்தான்.

வரிசையாகக் கேட்க வேண்டியவை

முதலில் ஏடீ என்று மட்டும் தட்டி என்டர் கொடுக்கவும். ‘ஓகே’ வந்தால் மோடத்துக்கு உயிர் இருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் ஒயர், வேகம், என்டர் அமைப்பு, சப்ளை ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஏடீ+சிபிஐஎன்? என்று கேட்கவும். ‘ரெடி’ என்று வந்தால் சிம் கார்டு சரியாக உட்கார்ந்திருக்கிறது. ‘சிம் பின்’ என்று வந்தால் கார்டுக்குப் பூட்டு எண் போடப்பட்டிருக்கிறது. கார்டை ஒரு செல்போனில் போட்டுப் பூட்டை எடுத்துவிட வேண்டும். ‘எர்ரர்’ வந்தால் கார்டை எடுத்து, அதன் தகட்டைச் சுத்தமான துணியால் துடைத்து மறுபடி போடவும். மோட்டார் கொட்டகையின் ஈரத்திலும் தூசியிலும் தகடு கறுத்துப் போவது உண்டு.

மூன்றாவது, ஏடீ+சிஎஸ்க்யூ என்று கேட்கவும். பதிலில் இரண்டு எண்கள் வரும். முதல் எண்தான் சிக்னல் அளவு. 0 முதல் 31 வரை இருக்கலாம். அதிகமாக இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் செய்தி சில சமயம் வரும், சில சமயம் வராது. 99 என்று வந்தால் சிக்னலை அளக்க முடியவில்லை என்று பொருள். வீட்டில் நல்ல அளவு வந்து கொட்டகையில் வராவிட்டால், ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே, கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும்.

நான்காவது, ஏடீ+சிஆர்ஈஜி? என்று கேட்கவும். 0,1 என்று வந்தால் மோடம் டவரில் பதிவாகியிருக்கிறது. 0,2 என்றால் இன்னும் டவரைத் தேடுகிறது. 0,3 என்றால் டவர் மறுத்துவிட்டது. 4ஜி மோடமானால் ஏடீ+சிஈஆர்ஈஜி? என்றும் கேட்டுப் பார்க்கவும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிம்800, சிம்900 போன்ற பழைய வகை மோடங்கள் 2ஜி மட்டுமே அறிந்தவை. ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவை கிடையாது. அந்தக் கார்டை இந்த மோடத்தில் போட்டால் ஒருநாளும் பதிவாகாது. ‘செல்போனில் வேலை செய்கிறதே’ என்று பெட்டியைக் குறை சொல்வதில் பயன் இல்லை. மோடம் வாங்குமுன் உங்கள் தோட்டத்தில் எந்த நிறுவனத்தின் எந்தச் சேவை கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

ஐந்தாவது, ஏடீ+சிபிஎம்எஸ்? என்று கேட்கவும். சிம் கார்டில் எத்தனை செய்திகள் இருக்கின்றன, எத்தனைக்கு இடம் இருக்கிறது என்று சொல்லும். 20,20 என்று வந்தால் குதிர் நிரம்பிவிட்டது. இனி வரும் செய்திக்கு இடம் இல்லை. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பெட்டி ஒரு நாள் திடீரென்று செய்தியை மதிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். கம்பெனி விளம்பரச் செய்திகளே கார்டை நிரப்பிவிடும். ஏடீ+சிஎம்ஜிடி=1,4 என்று கொடுத்தால் எல்லாச் செய்திகளும் அழிந்துவிடும். வேண்டிய செய்தி எதுவும் இருந்தால் அதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

செய்தி அனுப்பும் கட்டளை

இதில்தான் பலரும் தவறுகிறார்கள். இதற்கு நான்கு படிகள் உண்டு.

முதல் படி: ஏடீ+சிஎம்ஜிஎஃப்=1 என்று கொடுத்து ‘ஓகே’ பெறவும். செய்தியைச் சாதாரண எழுத்தாகவே அனுப்பப் போகிறோம் என்று இது மோடத்துக்குச் சொல்கிறது.

இரண்டாம் படி: ஏடீ+சிஎம்ஜிஎஸ்= என்று எழுதி, நேரான மேற்கோள் குறிக்குள் உங்கள் செல்போன் எண்ணை +91 சேர்த்து, நடுவில் இடைவெளி இல்லாமல் எழுதி, என்டர் தட்டவும். இப்போது ‘ஓகே’ வராது. அம்பு முனை போன்ற > குறி வரும்.

மூன்றாம் படி: அந்தக் குறி வந்த பிறகு செய்தியை ஆங்கில எழுத்தில் தட்டவும். 160 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். தமிழ்ச் செய்திக்கு 70 எழுத்துகளே இடம். அதற்கு எழுதும் முறையும் வேறு. சோதனைக்கு ஆங்கிலமே போதும்.

நான்காம் படி: என்டர் தட்டாமல், கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ‘இசட்’ எழுத்தைத் தட்டவும். இது 26-ம் எண் குறி. ‘செய்தி முடிந்தது, அனுப்பு’ என்று பொருள். சில விநாடிகளில் செய்தியின் வரிசை எண்ணும் ‘ஓகே’யும் வரும்.

இந்த நான்காம் படியை மறந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். மோடம் இன்னும் செய்தி வருகிறது என்று காத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் கட்டளைகள் எல்லாம் செய்தியோடு சேர்ந்துவிடும். மோடம் செத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டினால் செய்தி ரத்தாகிப் பழைய நிலைக்கு வரும்.

மற்றக் கேள்விகளுக்கு நல்ல பதில் வந்து, செய்தி அனுப்பும்போது மட்டும் ‘எர்ரர்’ வந்தால், ரீசார்ஜ் காலாவதி ஆகிவிட்டதா, திட்டத்தில் செய்தி அனுப்ப வசதி இருக்கிறதா என்று பார்க்கவும்.

மிஸ்டு கால் முறை

மிஸ்டு காலில் ஓடும் பெட்டிகளில் கட்டுப்பாட்டுச் சில்லு ஏடீ+சிஎல்ஐபி=1 என்ற கட்டளையைக் கொடுக்கிறது. அப்போது மணி அடிக்கும்போதே அழைத்தவரின் எண்ணும் வந்துவிடும். எண் பதிவு செய்யப்பட்டதா என்று பார்த்துவிட்டு, ஏடீஎச் என்ற கட்டளையால் அழைப்பைத் துண்டித்து, மோட்டாரை ஓட்டும். பெட்டியே நம்மை அழைக்க வேண்டுமானால் ஏடீடி என்று எழுதி, எண்ணை எழுதி, கடைசியில் அரைப்புள்ளி போட வேண்டும். அரைப்புள்ளி இருந்தால் பேச்சு அழைப்பு. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர்த் தகவல் அழைப்பு என்று மோடம் எடுத்துக்கொள்ளும். நம் போனில் மணி அடிக்காது. ஒரு புள்ளியும் ஒரு கொக்கியும் சேர்ந்து காரியத்தையே மாற்றிவிடுகிறது.

எண்ணைச் சரிபார்க்காமல் எந்த அழைப்புக்கும் ஓடும் பெட்டியை வாங்கக் கூடாது. யாரோ தவறாக டயல் செய்தாலும் உங்கள் மோட்டார் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் கிணற்றில் இறங்கி யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கிணற்றிலோ மோட்டாரிலோ வேலை செய்யுமுன் செல்போனில் நிறுத்தினால் போதாது. மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸ் கட்டைகளை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

‘ஓகே’ என்றால் தண்ணீர் வந்தது என்று பொருள் அல்ல

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. மோடம் ‘ஓகே’ என்று சொன்னால், கட்டளை சரியான முறையில் எழுதப்பட்டிருந்தது, அதை ஏற்றுக்கொண்டேன் என்று மட்டுமே பொருள். மோட்டார் ஓடியதா, மூன்று பேஸும் வந்ததா, கிணற்றில் தண்ணீர் இருந்ததா என்பதெல்லாம் மோடத்துக்குத் தெரியாது. ரிலே தட்டியவுடனே ‘மோட்டார் ஓடுகிறது’ என்று செய்தி அனுப்பும் பெட்டிகளும் உண்டு. அதை நம்பித் தூங்கினால், காலையில் பயிர் காய்ந்திருக்கும். அல்லது தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக் காயில் எரிந்திருக்கும்.

ஆகவே வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘மோட்டார் ஓடுகிறது என்ற செய்தி எதைப் பார்த்து வருகிறது?’ மோட்டாருக்குப் போகும் ஒயரில் கரண்ட் ஓடுவதை அளந்து பார்த்துச் செய்தி அனுப்பும் பெட்டியே நல்லது. அப்படிப்பட்ட பெட்டியில் கரண்ட் வழக்கத்தைவிடக் குறைந்தால் தண்ணீர் இல்லை என்றும், ஒரு பேஸில் இல்லாவிட்டால் மின்சாரக் கோளாறு என்றும் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்திவிட வழி உண்டு.

சோதனை முடிந்த பிறகு

மோடத்தின் வேகத்தை மாற்றும் ஏடீ+ஐபிஆர் கட்டளையைச் சோதனையின்போது தொட வேண்டாம். நீங்கள் ஒரு வேகத்தில் வைத்துவிட்டால், கட்டுப்பாட்டுச் சில்லு வேறு வேகத்தில் பேசும். இரண்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லாமல் போகும். சோதனை முடிந்ததும் பலகையைப் பழையபடி பொருத்தி, மின்சாரத்தைப் போடவும். கட்டுப்பாட்டுச் சில்லு தன் தொடக்கக் கட்டளைகளை மோடத்துக்கு மறுபடியும் கொடுக்கும். ஒரு முறை ஓட்டியும் நிறுத்தியும், பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும், அவற்றுக்கு உங்கள் மோடம் நல்ல நிலையில் சொன்ன பதில்களையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கவும். சிம் கார்டின் எண்ணையும் ரீசார்ஜ் முடியும் தேதியையும் அதிலேயே எழுதலாம். அடுத்த முறை பெட்டி பேசாமல் இருந்தால், புதிய பதிலைப் பழைய பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே கோளாறு இருக்கும் இடம் தெரியும். பழுது பார்க்கிறவரை அழைக்க நேர்ந்தாலும் ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், ‘சிக்னல் 7 காட்டுகிறது’, ‘சிம் நிரம்பவில்லை’ என்று சொல்லலாம். அவரும் தேவையான சாமானோடு வந்து சேருவார். பயிருக்கும் நேரத்தில் தண்ணீர் கிடைக்கும்.